கருவைக் காப்பது எது? தொடர் கருச்சிதைவும் குத்தூசி மருத்துவமும்

ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி ஆடித் திங்கள்களில் குற்றால மலையில் சாரலாகப் பொழிகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் மக்கள் திரள்கின்றனர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் தொழிலாளரிடம் தோளையும் முதுகையும் ஒப்படைத்துவிட்டு, பின்னர் விழும் நீரின் அடியில் தலையைக் கொடுத்து நிற்பதை இங்கு வருவோர் பொழுதுபோக்காக மட்டும் எண்ணுவதில்லை. உடலுக்குச் செய்யும் மருத்துவம் என்றே நம்புகின்றனர். அகத்தியரோடு இணைத்துப் பேசப்படும் பொதிகையின் அடிவாரம் இது. சித்த மருத்துவர்களும் வர்ம ஆசான்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நிலம். உடலில் வர்ம நிலைகள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் தென்மாவட்ட ஆசான்கள் வகுத்துரைப்பர்.

ஆகவே, உடலின் ஓரிடத்தைத் தொட்டு வேறோரிடத்து நோவைத் தணிக்கலாம் என்னும் கருத்து தென்காசிப் பகுதி மக்களுக்குப் புதிதன்று. சீனத்தில் தோன்றிய குத்தூசி மருத்துவம், அக்குபங்சர் என்னும் பெயரோடு தமிழகத்துச் சிற்றூர்கள் வரை பரவியபோது, அதை ஏற்கும் மனநிலை இங்கே முன்பே இருந்தது. கழுத்து வலிக்கும் மூட்டு வலிக்கும் அதை நாடியோர் இன்று குழந்தைப்பேறு பற்றிய துயரங்களுக்கும் நாடுகின்றனர். அத்துயரங்களுள் மிகக் கொடியது, கருவுற்றும் கருவுற்றும் கரு தங்காமற் போவது. அந்நிலையில் உள்ள பெண்ணுக்குக் குத்தூசி எதைத் தர வல்லது, எதைத் தர இயலாது என்பதைத் தெளிவாகப் பிரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழப்பின் அளவு

கருப்பம் உறுதியான பின், தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழும் வளர்ச்சியைக் கரு எய்துமுன் அது அழிவதைக் கருச்சிதைவு என்கிறோம். உறுதிசெய்யப்பட்ட கருப்பங்களில் 100க்கு ஏறத்தாழ 15 இவ்வாறு முடிகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் நிகழ்வதாக 2021ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் கணக்கிட்டது. நிமிடத்திற்கு 44 இழப்புகள். பெண்களுள் 100க்கு ஏறத்தாழ 11 பேர் ஒருமுறையும், 2 பேர் இருமுறையும் இவ்விழப்பைக் காண்கின்றனர். மூன்றுமுறையோ அதற்கு மேலோ இழப்போர் 1000க்கு 7 பேர்.

எத்தனை இழப்பு நேர்ந்தால் அதைத் தொடர் கருச்சிதைவு எனக் கொள்வது? மூன்று என்பது பழைய வரையறை. இரண்டு இழப்புகளே போதும், ஆய்ந்தறியத் தொடங்கலாம் என்பது ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் கழகத்தின் நிலைப்பாடு. மூன்றாவது இழப்பு வரட்டும் என ஒரு பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது எத்துணைக் கொடுமை என்பதை, இழந்தவர்கள் அறிவர்.

உடலின் இழப்பு ஒருபுறமிருக்க, உள்ளத்தின் இழப்பு நெடுநாள் நீடிக்கிறது. லண்டனைச் சார்ந்த ஆய்வாளர் குழு 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தொடக்கநிலைக் கரு இழப்பிற்கு ஒரு திங்களுக்குப் பின் பெண்களுள் 100க்கு 29 பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் காணப்பட்டன. ஒன்பது திங்கள் கழிந்த பின்னும் 18 பேரிடம் அவை நீங்கவில்லை. போரிலும் பெருவிபத்திலும் சிக்கியோருக்கு வரும் மனநோய் இது. 'ஒண்ணும் ஆகல, அடுத்தது தங்கும்' என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிட்டு நகரும் இழப்பின் உண்மையான எடை இதுதான்.

காரணங்கள்: அறிந்தவையும் அறியாதவையும்

முதல் மூன்று திங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் ஏற்படும் பிழை. மாந்த உயிரணுவில் இருக்க வேண்டிய குரோமோசோம்கள் 46. தாயின் சினைமுட்டையிலிருந்து 23, தந்தையின் விந்தணுவிலிருந்து 23. இவை பிரிந்து சேரும் நுண்பணியில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, பெரும்பாலான கருக்கள் வளர்ச்சியைத் தொடர இயலாமல் நின்றுவிடுகின்றன. பெண்ணின் அகவை 35ஐக் கடக்கக் கடக்க இப்பிழை மிகுகிறது. நம் வீடுகளில் கரு தங்காத பெண்ணைத் தரிசு நிலம் என்று பழிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. விதை நெல்லே பதராக இருக்கையில் நிலத்தைப் பழிப்பது எந்த உழவனும் செய்யாத செயல். அவள் மாடிப்படி ஏறியதாலோ, பேருந்தில் சென்றதாலோ, பப்பாளித் துண்டு ஒன்றை உண்டதாலோ குரோமோசோம் பிழை உண்டாவதில்லை.

ஆயினும், மீண்டும் மீண்டும் இழப்பு நேருமிடத்துத் தேடிக் கண்டறிந்து மாற்றத்தக்க காரணங்களும் உள்ளன. அவற்றுள் தலையாயது ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே இங்குத் தடம் புரண்டு, நச்சுக்கொடி உருவாகும் இடத்தைத் தாக்கி, குருதி உறைவையும் மிகுவிக்கின்றன. குருதிச் சோதனையால் இதை அறியலாம். ஒருமுறை கண்டது போதாது; 12 வாரம் கழித்து மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். இதற்கு மருத்துவம் உண்டு. இந்நோயுள்ள 90 பெண்களைக் கொண்டு லண்டனில் நடந்து 1997இல் வெளிவந்த ஆய்வில், குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் பெற்றோருள் 100க்கு 42 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஆஸ்பிரினோடு, குருதி உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் பெற்றோருள் 71 பேர் பெற்றனர். நோயின் பெயர் தெரிந்ததால் கிடைத்த பயன் இது.

தைராய்டு சுரப்பியின் குறைபாடு, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, கருப்பையின் நடுவே பிறவியிலேயே அமைந்த தடுப்புச் சுவர், நான்காம் ஐந்தாம் திங்களில் கருப்பைவாய் வலியின்றித் திறந்துகொள்ளும் தளர்ச்சி, கணவன் மனைவி இருவருள் ஒருவரிடம் மறைந்திருக்கும் குரோமோசோம் இடமாற்றம் ஆகியனவும் காரணங்களாகலாம். இவற்றுள் பலவற்றை எளிய குருதிச் சோதனையும் ஸ்கேனும் காட்டிக்கொடுக்கும். தளர்ந்த கருப்பைவாய்க்குத் தக்க காலத்தில் இடப்படும் ஒரு தையல், கருவைத் திங்கள் நிறையும்வரை தாங்கி நிற்கக்கூடும்.

இவ்விடத்தில் தென்காசி மாவட்டத்திற்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் பீடி சுற்றுதல் பெண்களின் வீட்டுத் தொழில். மடியில் தட்டு; தட்டில் அளவாக வெட்டிய இலையும் புகையிலைத் தூளும். ஓரிலையை எடுத்து, தூளை நிரப்பி, விரலால் உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றிக் கட்டுவதற்குள் கண் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. கருவுற்ற பெண்ணின் வயிற்றை ஒட்டி, காலை முதல் மாலை வரை அத்தட்டு இருக்கிறது. புகையிலையின் நிக்கோட்டின் புகை வழி மட்டுமே உடலுள் நுழையும் என்பது தவறான எண்ணம். தோல் வழியும் அது நுழையும். மூச்சோடு சேரும் தூள் வழியும் நுழையும். குருதிக் குழாய்களைச் சுருக்குவது அதன் இயல்பு. புகையிலைப் பயன்பாடு கருச்சிதைவின் வாய்ப்பைக் கூட்டும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆகவே, கரு தங்காத பீடித் தொழிலாளியிடம் எந்த மருத்துவரும், எந்தக் குத்தூசியாளரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, 'நீ என்ன வேலை செய்கிறாய் அம்மா?' என்பது.

இவ்வளவு தேடிய பின்னும், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காரணம் எதுவும் தென்படுவதில்லை. மருத்துவமனையில் 'எல்லாம் இயல்பாகவே இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டு வெளியே வரும் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருப்பதில்லை, கைவிடப்பட்டதாகவே தோன்றுகிறது. குத்தூசி மருத்துவத்தின் கதவை அவள் தட்டுவது பெரும்பாலும் இந்த வேளையில்தான்.

ஊசி முனையில் நிகழ்வது

குத்தூசியின் கோட்பாடு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன மருத்துவ நூல்களில் வேர்கொண்டது. உடலெங்கும் உயிராற்றல் ஓடும் தடங்கள் உள்ளன. அத்தடங்களின் மேல் அமைந்த புள்ளிகளைத் தூண்டி, தடைப்பட்ட ஓட்டத்தைச் சீர்செய்யலாம் என்பது அதன் அடிப்படை. மரபுவழிப் புள்ளிகள் 361. கரு தங்காமையைச் சிறுநீரக ஆற்றலின் குறைவு, மண்ணீரல் ஆற்றலின் குறைவு, குருதித் தேக்கம் என அம்மரபு வகைப்படுத்தும். இங்கே சிறுநீரகம், மண்ணீரல் எனக் குறிக்கப்படுவன அறுவை மருத்துவர் காணும் உறுப்புகள் அல்ல. அம்மரபு வகுத்த செயற்கூறுகள்.

இந்தியாவுக்கு இதைக் கொணர்ந்தவர் மருத்துவர் விஜய்குமார் பாசு. 1938இல் சீனத்துக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் பணியாற்றிய அவர், பின்னர் மீண்டும் சீனம் சென்று குத்தூசியைக் கற்று, 1959இல் கொல்கத்தாவில் பயன்படுத்தத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகத்தில் வேரூன்றியதோ பெரிதும் வேறொரு வடிவம். ஊசியே இல்லாமல், நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரல் நுனியால் சிறிது நேரம் தொட்டுவிடுவது. பசித்தால் மட்டும் உண்ணவும், தாகமெடுத்தால் மட்டும் நீர் அருந்தவும், இரவில் நேரத்தோடு உறங்கவும் அறிவுறுத்துவது. தொடு சிகிச்சை என மக்கள் வழங்குவது இதைத்தான்.

ஊசியை நெருங்கிப் பார்ப்போம். அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். மருந்தேற்றும் ஊசியைப் போல் உள்ளே துளையில்லை; திண்மமான துருவேறா எஃகு இழை. குமட்டலுக்குப் பயன்படும் புள்ளி, மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ளது. அங்கே ஊசி இறங்கி மெல்லத் திருகப்படும்போது வலியைக் காட்டிலும் ஒரு கனமும் மரமரப்பும் பரவுகின்றன. தோலிலும் தசையிலும் உள்ள நுண்ணரம்பு நுனிகள் தூண்டப்பட்டு, தண்டுவடம் வழியே மூளைக்குச் செய்தி செல்கிறது. உடலே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்பின் வெளிப்படுகிறது. ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்னும் பொருள் பெருகி வலியைத் தணிப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் எலிகளிடம் காட்டினர். விரலால் தொடுவதற்கும் உடலியல் விளக்கம் உண்டு. மென்மையான வருடலை மட்டும் உணர்ந்து, மூளையின் உணர்ச்சிப் பகுதிக்கு எடுத்துச் செல்லும் தனிவகை நரம்பிழைகள் நம் தோலில் இருப்பதை அறிவியல் அறிந்துள்ளது.

ஆக, ஊசியும் தொடுகையும் உடலில் ஒன்றும் செய்வதில்லை என்பது அறிவியலின் கூற்று அன்று. வலியைத் தணிக்கவும், குமட்டலைக் குறைக்கவும், பதற்றத்தை அடக்கவும் அவை துணைசெய்யலாம். ஆனால் வலி தணிவது ஒன்று. கரு நிலைப்பது மற்றொன்று. கூடிப்போன ஒரு குரோமோசோமை நீக்கவோ, கருப்பையின் தடுப்புச் சுவரைக் கரைக்கவோ ஊசிக்கு வழியில்லை.

ஆய்வுகள் தரும் விடை

நேரிய ஆய்வின் இலக்கணம் எளிது. பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மெய்யான குத்தூசி. மறு பிரிவுக்குத் தோலைத் துளைக்காத, அல்லது மருத்துவப் புள்ளியல்லாத இடத்தில் வைக்கும் போலி ஊசி. யாருக்கு எது என்பதைப் பெண்கள் அறியலாகாது. இறுதியில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என எண்ண வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக்குழாய் முறையில் கருவுற முயன்ற 848 பெண்களிடம் இவ்வாறு நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. மெய்யூசி பெற்றோருள் உயிருள்ள குழந்தை பெற்றோர் 100க்கு 18.3, போலி ஊசி பெற்றோருள் 17.8. வேறுபாடு இல்லையென்றே கொள்ள வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள 1000 பெண்களிடம், குத்தூசியின் தாயகமான சீனத்திலேயே நடந்து 2017இல் வெளிவந்த ஆய்விலும் மெய்யூசி பிறப்பைக் கூட்டவில்லை. தன் மரபையே சோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையை மறைக்காமல் வெளியிட்ட சீன ஆய்வாளர்களின் நேர்மை போற்றத்தக்கது.

கருச்சிதைவு அச்சத்தோடு குருதிக் கசிவும் கண்ட பெண்களிடம், நியூசிலாந்தில் சிறிய அளவிலான ஓர் ஆய்வு நடந்து 2016இல் வெளியானது. குத்தூசி பெற்றோரிடம் கசிவு, அடிவயிற்று இழுப்பு, இடுப்பு வலி ஆகிய அறிகுறிகள் குறைந்தன. தம் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்ததும், தாமே செய்துகொள்ளத்தக்க எளிய வழிகளைக் கற்றதும் பெருந்துணையாக இருந்தன என்று அப்பெண்கள் கூறினர். கருவை ஊசி காத்தது என்று நிறுவும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதன்று. ஐரோப்பியக் கழகம் 2022இல் புதுப்பித்த தொடர் கருச்சிதைவு வழிகாட்டு நெறிகளிலும் குத்தூசி ஒரு சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை.

100க்கு 63

'அப்படியானால், எங்கள் தெருவிலேயே மூன்று முறை கலைந்தவளுக்குக் குத்தூசி செய்த பின் குழந்தை பிறந்ததே?' என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. அக்கேள்விக்கு விடை, 2015இல் வெளியான வேறோர் ஆய்வில் உள்ளது. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவுற்ற 836 பெண்கள், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அதில் பங்கேற்றனர். கருவைக் காக்கும் இயக்குநீர் எனப் பல்லாண்டுகளாக மருத்துவர்கள் நம்பி வழங்கிய புரோஜெஸ்டிரானை ஒரு பிரிவினரும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மறு பிரிவினரும் பெற்றனர். மருந்து பெற்றோருள் 100க்கு 65.8 பேர் குழந்தை பெற்றனர். வெற்று மாத்திரை பெற்றோருள் 63.3 பேர். அவ்வேறுபாடு மருந்தால் வந்தது என்று சொல்வதற்கில்லை.

இந்த 63 என்னும் எண்ணைக் கரு இழந்த ஒவ்வோர் இணையரும் அறிய வேண்டும். மூன்று முறை இழந்து, காரணமும் தெரியாமல், மருந்தும் இல்லாமல் இருந்தவர்களுள் 100க்கு 63 பேர் அடுத்த கருப்பத்தில் குழந்தையைக் கையில் ஏந்தினர். இதைவிடப் பெரிய நம்பிக்கைச் செய்தி வேறில்லை. இந்நம்பிக்கை எந்த மருத்துவரிடமும் விலைகொடுத்து வாங்க வேண்டியதன்று. அப்பெண்ணின் உடலிலேயே இருப்பது.

அதே எண் ஓர் எச்சரிக்கையும் ஆகிறது. எதையும் கொடுத்துவிட்டு, 100 பெண்களைப் பின்தொடர்ந்தால் 63 பேருக்குக் குழந்தை பிறக்கும். அந்த 63 பேர் இனிப்போடு திரும்பி வந்து நன்றி சொல்வர். தம் உறவினரையும் அனுப்பிவைப்பர். இழந்த 37 பேர் திரும்பி வருவதில்லை. இருபது ஆண்டுகள் உண்மையாகத் தொழில் செய்த குத்தூசியாளர் ஒருவர், தன் கையால் கரு தங்குகிறது என மனமார நம்புவதற்கு இதுவே போதும். மருத்துவர்களே புரோஜெஸ்டிரானைப் பற்றிப் பல்லாண்டுகள் இவ்வாறு நம்பினர். ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த பின்னரே நம்பிக்கை திருத்தம் பெற்றது. 2019இல் வெளியான அடுத்த ஆய்வு அதை மேலும் கூர்மையாக்கியது. தொடக்கத் திங்களிலேயே குருதிக் கசிவு கண்டு, முன்னரே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளையும் கொண்ட பெண்களிடம் புரோஜெஸ்டிரான் பயன் தந்தது: வெற்று மாத்திரை பெற்றோருள் 100க்கு 57 பேர், மருந்து பெற்றோருள் 72 பேர். யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என இவ்வாறு பிரித்தறிவதே அறிவியலின் தனிச்சிறப்பு.

கவனிப்பும் ஒரு மருந்து

நார்வே நாட்டில் 1984இல் வெளியான ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவுற்ற பெண்களுள் ஒரு பகுதியினரை வாரந்தோறும் வரவழைத்துப் பரிசோதித்து, மனந்திறந்து பேசவிட்டு, ஓய்வுக்கு வழிசெய்து, அடிக்கடி நலம் கேட்டனர். அவர்களுள் 100க்கு 86 பேருக்குக் கருப்பம் நிலைத்தது. அத்தகைய தனிக்கவனம் பெறாதவர்களுள் 33 பேருக்கே நிலைத்தது. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஆய்வாதலின், இவ்வெண்களை அப்படியே முடிவாகக் கொள்ளலாகாது. ஆயினும், தொடக்கத் திங்களில் அடிக்கடி பார்த்து ஆறுதல் தரும் தனிக்கவனிப்பு வேண்டும் என்னும் கொள்கை, அதன் பின்னர் பல நாடுகளின் மருத்துவமனைகளில் இடம்பெற்றது.

குத்தூசி அறையில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதை இக்கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே ஒருவர் அவளை அமரவைத்து, கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். உறக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, அழுகை வருகிறதா எனக் கேட்கிறார். அவள் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறார். அரை மணி நேரம் அவள் அமைதியாகப் படுத்திருக்கிறாள். மாமியார், நாத்தனார் கேள்விகள் அங்கே எட்டுவதில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில், நூறு பேருக்கு நடுவே, ஒரு மருத்துவர் இரண்டு நிமிடத்தில் இதைத் தர இயலாது. குத்தூசியாளர் தருவது மெய்யான ஒன்று, ஏளனத்திற்குரியதன்று. அதைக் கருவைக் காக்கும் மருந்தென்று சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது. துயருற்றவளைத் தாங்கும் துணையென்று சொன்னால் அது உண்மை.

இந்தத் துணையை மருத்துவமனையும் தர வேண்டும். தென்காசி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மாவட்டத் தலைமை மருத்துவமனை தென்காசியிலேயே இருக்கிறது. நுண்ணிய சோதனைகளுக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை செல்ல நேரலாம். அவ்வழித் தொலைவு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மீண்டும் மீண்டும் கரு இழந்தோருக்கென வாரத்தில் ஒரு முற்பகலை ஒதுக்கி, மகப்பேறு எதிர்நோக்கும் பெண்களின் கூட்டத்தோடு அவர்களைச் சேர்த்து அமர்த்தாமல், ஒரே செவிலியர் தொடர்ந்து அவர்களைக் கவனிக்கும்படி ஏற்பாடு செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வளைகுலுங்க அமர்ந்திருக்கும் நிறைசூலிக்கு அருகே, நேற்றுக் கரு கலைந்தவளை அமரச் செய்வது நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கும் கொடுமை.

எல்லையைக் கடந்தால்

குத்தூசியை நாடும் பெண்ணும் அவள் குடும்பத்தாரும் சிலவற்றை உறுதியாகக் கொள்ள வேண்டும். சோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், மாத்திரையை நிறுத்துக என்று ஒருவர் சொல்வாராயின், அவர் எம்முறையைச் சார்ந்தவராயினும் அவரிடமிருந்து விலகிவிட வேண்டும். தைராய்டு மாத்திரையை நிறுத்துவதும், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கான ஹெப்பாரினை நிறுத்துவதும் நேரே கருவின் உயிரோடு விளையாடுவது. 2024 பிப்ரவரியில், மலைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே மகப்பேறு பார்க்க முயன்று தாயும் சேயும் இறந்தனர். அக்குபங்சர் செய்துவந்த ஒருவர் கைதானார். துணை முறையை முழு மருத்துவமாகக் கொண்டதன் விலை அது.

ஊசியிடுவோர் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும், நோய்நுண்மம் நீக்கிய ஊசிகளையே கையாள வேண்டும். மஞ்சள் காமாலையைப் பரப்பும் நச்சுயிரிகள் கழுவிய ஊசியிலும் தங்கும். ஹெப்பாரின் பெறும் பெண்ணுக்கு ஊசி குத்திய இடத்தில் குருதி கன்றிப்போகும். ஆதலால் அம்மருந்தைப் பற்றி முன்னரே சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புள்ளியையும், உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலுள்ள புள்ளியையும் கருவுற்றோரிடம் தூண்டலாகாது எனக் குத்தூசி மரபே விலக்கி வைத்துள்ளது. அவற்றைத் தூண்டினால் கரு கலையும் என்று ஆய்வுகள் நிறுவவில்லை; ஆயினும், தன் மரபின் எச்சரிக்கையைக்கூட அறியாதவரிடம் கருவுற்றவள் கையை நீட்டலாகாது. குருதிக் கசிவு மிகுந்தாலும், ஒருபக்க வயிற்றில் கடும் வலி எழுந்தாலும், மயக்கம் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. தாயின் குருதி ஆர்.எச். எதிர்மறை வகையாயின், கருச்சிதைவுக்குப் பின் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்பதும் மறக்கலாகாதது.

செய்ய வேண்டுவன

இரண்டாம் இழப்புக்குப் பின் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்க. சோதனை மனைவிக்கு மட்டும் என்பது அறியாமை. குரோமோசோமில் பாதி கணவனுடையது. கலைந்த கருவின் திசுவை ஆய்வுக்கு அனுப்ப இயலுமா எனக் கேட்க. தைராய்டு, நீரிழிவு, ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனைகளையும், கருப்பையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேனையும் செய்துகொள்க. போலிக் அமில மாத்திரையைக் கருவுறும் முன்பே தொடங்குக. புகையிலைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைக்க வழியுண்டா என வீட்டார் கூடிச் சிந்திக்க. ஊதியம் பெற்றுப் பணிபுரியும் பெண்ணுக்குக் கருச்சிதைவு நேர்ந்தால் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பது, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த உரிமை. அதைக் கேட்டுப் பெறுக.

இவற்றையெல்லாம் செய்த பின், உள்ளம் அமைதி வேண்டினால், நேர்மையும் தூய்மையும் உள்ள குத்தூசியாளரிடம் செல்வதில் தவறில்லை. 'இது கருவைக் காக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. உன் வலியையும் பதற்றத்தையும் குறைக்க முயல்வேன். மருத்துவரின் மருந்தை நிறுத்தாதே' என்று எவர் சொல்கிறாரோ, அவரே நம்பத்தக்கவர். இம்மூன்று தொடர்களையும் தம் அறைச் சுவரில் எழுதிவைக்கும் துணிவு தென்காசியிலும் குற்றாலத்திலும் தொழில்செய்யும் குத்தூசியாளர் அனைவருக்கும் வர வேண்டும்.

கரு இழந்த பெண்ணே, உன் உடல் குற்றவாளி அல்ல. காரணம் தெரிந்தால் அதற்கு மருத்துவம் பெரும்பாலும் உண்டு. காரணம் தெரியாவிட்டாலும், அடுத்த முறை நீ தாயாகும் வாய்ப்பே இழக்கும் வாய்ப்பைவிட மிகுதி. ஊசி உன்னோடு வரலாம். சோதனையும் மருந்தும் உனக்கு முன்னே செல்ல வேண்டும்.